முதல் காலத்தில் ஒரு மணி நேரம்

நாளிதழில் இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் தலைப்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள். மதுரையில் எங்கள் கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போக இரவு ஒன்றரை மணி ஆகிவிடும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, கைகால் கழுவி, மூடி வைத்திருப்பதைச் சாப்பிட்டுப் படுக்கும்போது மூன்று. கண்ணை மூடினால் மண்டைக்குள் பக்கம் ஓட ஆரம்பிக்கும். விபத்தில் பலி நாலா ஐந்தா? அமைச்சர் பெயருக்கு இனிஷியல் போட்டோமா? இரண்டாம் பத்தியில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' விழுந்துவிட்டதோ? பால்காரர் சைக்கிள் மணி கேட்கிறவரைக்கும் புரண்ட இரவுகள் ஏராளம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நண்பர்கள் யோகா என்றார்கள், நடைப்பயிற்சி என்றார்கள், காபியை நிறுத்து என்றார்கள். வீணை கற்றுக்கொள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீணை எங்கள் வீட்டில்தான் இருந்தது. அத்தையுடையது. அத்தை, அப்பாவுக்கு அக்கா. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் பெண்ணுக்கு வீணை சொல்லிக்கொடுத்தால், அது பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுவதற்குத்தான். அத்தையும் 1962இல் கூடத்தில் ஜமக்காளம் விரித்து வாசித்துக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துப்போனது. சீர்ப் பாத்திரங்களோடு வீணையும் புகுந்த வீட்டுக்குப் போயிற்று. போன புதிதிலேயே மாமியார் கேட்டாராம்: "நீ இதை மீட்டிக்கிட்டு உக்காந்தா உலையை யாரு வைக்கிறது?"

அதற்குப் பிறகு அந்த வீணை வருஷத்துக்கு ஒரு தடவை, சரஸ்வதி பூஜைக்குக் கீழே இறங்கும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றிச் சாத்துவார்கள். பூஜையன்று வாத்தியத்தைத் தொடக்கூடாது; மறுநாள் விஜயதசமிக்குக் கட்டாயம் எடுத்து வாசிக்க வேண்டும் என்பது முறை. அந்த வீட்டில் விஜயதசமி காலையில் வீணையை நேரே பரணுக்கு ஏற்றிவிடுவார்கள். மாமா காலமான பிறகு அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடும், பழைய வேட்டியில் சுற்றிய வீணையோடும் எங்களிடம் வந்தார். எங்கள் வீட்டிலும் பரண் இருந்தது.

வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது அதை இறக்கினோம். கம்பிகள் துருவேறிக் கிடந்தன. மெழுகு வெடித்து மெட்டுகள் சாய்ந்திருந்தன. சரிசெய்து விற்றுவிடலாம் என்றுதான் தஞ்சாவூருக்கு எடுத்துப்போனேன். அங்கே வீணை செய்கிற ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார். "பண்ருட்டிப் பலா சார். நாதம் போகல" என்றார். ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணை அல்ல அது. குடமும் தண்டியும் தனித்தனியே செய்து சேர்த்த ஒட்டு வீணை. மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதித்தால் போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து உருக்கி, தண்டியின் இரண்டு ஓரமும் கரை கட்டினார். அது இளக்கமாக இருக்கும்போதே வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, கம்பியை மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கட்டைவிரலால் மயிரிழை தள்ளி அழுத்தினார். மொத்தம் 24 மெட்டு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 நிலைபெற்றதாகச் சொல்வார்கள். அளவுகோல் எதுவும் அவர் பக்கத்தில் இல்லை. நடுவில் அவருடைய செல்போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெழுகு ஆறிடும்" என்றார், எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. அவ்வளவு நேரம் ஒரே காரியத்தின் மேல் கண்ணையும் காதையும் வைத்திருந்த ஒரு மனிதரை நான் செய்திப் பிரிவில் கண்டதில்லை. எங்கள் தொழிலில் ஒரு கண் டிவியில், ஒரு கண் பக்கத்தில், காது போனில்.

வீட்டுக்கு வந்த வீணையை விற்க மனசு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு 48 வயது. "வயசு பிரச்சினை இல்ல சார்" என்றார். "முட்டி மடங்குமா? ராத்திரி டூட்டின்னு சொல்றீங்க, தூங்காம வந்து நிக்க மாட்டீங்களே? அப்புறம் ஒண்ணு, பாட்டு எப்ப வரும்னு கேக்கக் கூடாது." மூன்றுக்கும் தலையாட்டினேன்.

எனக்குக் கிடைத்த நேரம் சனிக்கிழமை காலை. உடன் படித்தவர்கள் நாலாங்கிளாஸ், ஐந்தாங்கிளாஸ் பிள்ளைகள். அவர்கள் டீச்சரை 'மிஸ்' என்பார்கள், என்னை 'அங்கிள்' என்பார்கள். ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடத்தில் நான் தடுமாறும் இடத்தில் ஒரு பெண் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அலுவலகத்தில் சிவப்புப் பேனா பிடிப்பவன் நான். இளைஞர்கள் எழுதியதை அடித்துத் திருத்திக் கொடுப்பதுதான் வேலை. இங்கே என்னை அடித்துத் திருத்த ஒரு டீச்சரும் அரை டஜன் பிள்ளைகளும் இருந்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, எந்தப் பொறுப்பும் இல்லாமல், எதுவும் தெரியாதவனாக ஒரு மணி நேரம் உட்கார முடிவது எத்தனை வருஷங்களுக்குப் பிறகு என்று தோன்ற ஆரம்பித்தது. நடுவயதில் நமக்குத் தெரிந்ததையேதான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம். தெரியாத ஒன்றின் முன்னால் போய் உட்காருகிற வாய்ப்பு தானாக வருவதில்லை.

வீணையில் உட்காருவதே ஒரு வேலை. சப்பணமிட்டு, குடத்தைத் தரையில் வலது பக்கம் வைத்து, தண்டியின் மறுமுனையில் இருக்கும் சுரைக்காயை இடது தொடையில் தாங்க வேண்டும். இடது கை தண்டிக்கு அடியில் சுற்றி வந்து மெட்டின் மேல் கவிய வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தே நகர வேண்டும். வலது கையில் அதே இரண்டு விரல்களும் மாறி மாறி மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலிருக்கும் மூன்று தாளக் கம்பிகளைத் தாளத்துக்குத் தட்ட வேண்டும். வாய் ஸ்வரம் சொல்ல வேண்டும். காது சுருதிப் பெட்டியில் இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நேரத்தில். விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டாலும் ஆரம்பத்தில் கம்பி அறுக்கும். கொஞ்ச நாளில் இரண்டு விரலிலும் கறுப்பாகக் கோடு விழுந்து காய்த்துப்போனது. அலுவலகத்தில் ஒரு தம்பி அதைப் பார்த்து, "என்ன சார், சமையல்ல வெட்டிக்கிட்டீங்களா?" என்றான்.

இந்த அவஸ்தையில் ஒரு லாபம் இருந்தது. கவலைப்படவும் மனசுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். இரண்டு கையும், வாயும், காதும் வேலையில் இருக்கும்போது அந்த இடம் கிடைப்பதில்லை. பாட்டு கேட்கும்போது எனக்கு இப்படி ஆனதில்லை. கேட்டுக்கொண்டே கரண்ட் பில்லை நினைக்கலாம், மேலதிகாரியை மனசுக்குள் திட்டலாம். வாசிக்கும்போது திட்டினால் விரல் மெட்டு மாறிப்போகும். சத்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

டீச்சர் என்னை முதல் காலத்திலேயே வெகு நாள் நிறுத்திவைத்தார். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஆதி தாளம். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கை என்னவோ மூன்றாம் காலத்துக்குத் துடிக்கும். வேகமாக வாசித்தால் வித்வான் ஆகிவிட்ட நினைப்பு. அவர் விடவே இல்லை. விடாததற்குக் காரணம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. முதல் காலத்தில் கஷ்டம் ஸ்வரத்தில் இல்லை, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கிறது. 'ச' என்று மீட்டியாயிற்று. நாதம் அடங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த தட்டு வரவேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் மனசு எழுந்து வெளியே போய்விடும். நேற்றைய தலைப்பு, மகளின் காலேஜ் பீஸ், வண்டி சர்வீஸ். திரும்பி வருவதற்குள் 'ரி' தாமதமாகிவிடும்.

டீச்சர் அப்போது சமையலறையில் ஏதாவது செய்துகொண்டிருப்பார். அங்கிருந்தே குரல் வரும்: "எங்க போனீங்க சார்?"

எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். "சுண்டுவிரல்" என்றார். மனசு நகர்ந்தால் மீட்டுகிற விரல் சமாளித்துவிடும். தாளக் கம்பியைத் தட்டுகிற சுண்டுவிரல் ஒரு கணம் பிந்திவிடும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான் என்றார். தியானம் என்று சொல்லி எத்தனையோ இடங்களில் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். மனசு எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்று அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. இங்கே ஒரு கம்பி சொல்லியது.

மூன்றாம் காலம் வந்தபோது வேறு கதை. அங்கே யோசித்தால் கெட்டது. 'அடுத்து எந்த விரல்' என்று நினைத்தவுடன் கை சிக்கிக்கொள்ளும். முதல் காலத்தில் மனசு ஓடாமல் நிற்கப் பழக வேண்டும், மூன்றாம் காலத்தில் அது கையின் வேலையில் தலையிடாமல் இருக்கப் பழக வேண்டும். இரண்டும் எனக்கு அலுவலகத்தில் பயன்பட்டன என்று சொன்னால் மிகையில்லை. கடைசி நேரத்தில் முதல் பக்கத்தைப் பிரித்துப் போடச் சொன்னால் முன்பெல்லாம் கை நடுங்கும்.

டீச்சர் வீட்டுத் திண்ணையில் அம்மாக்கள் காத்திருப்பார்கள். அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். வீணை படித்தால் மேத்ஸ் நன்றாக வரும், மூளை வளரும், ஞாபகசக்தி கூடும். இந்தச் செய்தி எங்கள் மேசைக்கும் அடிக்கடி வரும். அதன் வேரைத் தேடிப் போனால் 1993இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சின்னச் சோதனையில் போய் நிற்கும். கல்லூரி மாணவர்கள் 36 பேர். பத்து நிமிடம் மொசார்ட் கேட்ட பிறகு இடம், வடிவம் பற்றிய ஒரு வகைப் புதிரில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் குறைவு. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்டார்.

கேட்பது வேறு, கற்பது வேறு. கற்பதைப் பற்றிச் செய்த ஆய்வுகளில் கிளென் ஷெல்லன்பெர்க் 2004இல் வெளியிட்டது பெயர்பெற்றது. கனடாவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு எதுவுமில்லை என்று ஒரு வருஷம் விட்டுப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளின் ஐ.க்யூ.வும் ஏறியது, இசை கற்றவர்களுக்குச் சராசரியாக ஏழு புள்ளி, மற்றவர்களுக்கு நாலு சொச்சம். வித்தியாசம் மூன்றுக்குள். அதே ஆய்வில் நாடகம் படித்த பிள்ளைகள் மற்றவர்களோடு பழகுவதில் முன்னேறினார்கள். திண்ணையில் யாரும் நாடக வகுப்பைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. 2020இல் சாலா, கோபெட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சரியான ஒப்பீடு வைத்துச் செய்தவற்றில் படிப்புக்கோ பொது அறிவுத்திறனுக்கோ சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லை என்றார்கள். என் கட்சியும் அதுதான். கணக்கு வர வேண்டுமானால் கணக்குப் போட வேண்டும்.

அதற்காக மூளையில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் இல்லை. 1995இல் ஜெர்மனியில் தாமஸ் எல்பர்ட் குழுவினர் கம்பி வாத்தியக்காரர்களின் மூளையை அளந்தார்கள். இடது கை விரல்களின் தொடு உணர்வை வாங்குகிற பகுதி, வாசிக்காதவர்களைவிட அவர்களுக்கு விரிந்திருந்தது. சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு அது இன்னும் அதிகம். கட்டைவிரலுக்கு மாற்றம் குறைவு, ஏனென்றால் வயலினில் அது தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதோடு சரி. விரலில் காய்ப்பு விழுந்தபோது மூளையிலும் ஏதோ ஒரு ஓரத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். 48 வயதில் ஆரம்பித்தவனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்குமோ.

இந்த விவரங்களைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அத்தைக்கு மறதி வந்திருந்தது. முதலில் அடுப்பில் பாலை மறந்தார். பிறகு சாப்பிட்டதை, பிறகு எங்களை. நரம்பியல் டாக்டர் ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்றார். பகலெல்லாம் சாதுவாக இருப்பார். சாயங்காலம் நாலரை ஐந்துக்குத்தான் சோதனை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். "நான் வீட்டுக்குப் போகணும். அம்மா தேடுவாங்க." இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் வரும், சில நாள் அழுகை. பொழுது சாயும் நேரத்தில் இந்த நோயாளிகளுக்குப் பதற்றம் கூடுவது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சகஜம் என்று தெரிந்துகொள்வதால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பாரம் குறைந்துவிடுவதில்லை. என் மனைவி அந்த நேரத்தை நினைத்தே மத்தியானத்திலிருந்து தலைவலியோடு இருப்பாள்.

நான் அலுவலகம் கிளம்புவது ஆறரைக்கு. அதனால் சாதகம் செய்வது அதே நாலரை மணிக்குத்தான். ஒரு நாள் ஜண்டை வரிசையில் திணறிக்கொண்டிருந்தேன். நடந்துகொண்டிருந்த அத்தை நின்றார்.

"விரலைத் தூக்காதடா."

திரும்பிப் பார்த்தேன்.

"தூக்கித் தூக்கி வச்சா சத்தம் அறுந்து அறுந்துதான் வரும். ஒட்டினாப்புல நகத்து."

சரியான பேச்சு. டீச்சர் வாரக்கணக்காக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து இடம் விட்டேன். மனைவி கைத்தாங்கலாக உட்கார வைத்தாள். முட்டி முழுசாக மடங்கவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டார். தலையணை வைத்துச் சுரைக்காயை உயர்த்திக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் தண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரளி வரிசை. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். விரலில் காய்ப்பு இல்லாததால் நாதம் மெலிந்து வந்தது; ஆனால் மெட்டு ஒன்றுகூடத் தவறவில்லை. எந்த வரிசை வாசிக்கிறோம் என்பது அவருக்கு நினைவில்லை. மூன்றாவதிலிருந்து முதலாவதுக்குப் போனார், மறுபடி மூன்றாவது. ஆனால் வலது கைச் சுண்டுவிரல் தாளக் கம்பியில் தட்டியது தட்டியபடி இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாண்டி வந்த அந்த விரல் ஒரு முறைகூடப் பிந்தவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். "நல்லா வாசிக்கிறீங்க தம்பி. எந்த ஊரு?"

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பெயர், முகம், நேற்று நடந்தது ஆகியவற்றை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று. சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது, வாத்தியம் வாசிப்பது ஆகியவற்றை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வேறு. முதலாவதைத்தான் இந்த நோய் சீக்கிரம் தின்னும் என்று விளக்கினார். இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக்காரர் கதை பிரசித்தம். 1985இல் மூளைக் காய்ச்சல் வந்து, சில விநாடிகளுக்கு முன் நடந்ததுகூட நிற்காமல் போனது அவருக்கு. மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால் பல வருஷம் கழித்துப் பார்ப்பவராக வரவேற்பார். ஆனால் பியானோவின் முன் உட்கார்ந்தால் வாசிப்பார், கோஷ்டி கானத்தை நடத்துவார்.

அதன் பிறகு நாலரை மணி எங்கள் வீட்டில் வீணை நேரம் ஆனது. சில நாள் அவர் வாசிப்பார், சில நாள் நான் வாசிக்க அவர் திருத்துவார். சில நாள் எதுவும் பலிக்காது. வீணையைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போவார். ஆனால் பல நாட்களில் அந்த ஒரு மணி நேரம் அவர் அம்மாவைத் தேடாமல் கழிந்தது. மனைவியின் தலைவலியும் குறைந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாத்தியத்தின் பலனைப் பற்றி எழுதுகிறவர்கள் வாசிப்பவரைப் பற்றியே எழுதுகிறார்கள். அதே வீட்டில் காபி போட்டுக்கொண்டிருப்பவரையும் விசாரிக்கலாம்.

வீணை அத்தையின் நோயைத் தடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. இரண்டு வருஷத்தில் விரல்களும் மறக்கத் தொடங்கின, பிறகு காலமானார். முதுமையில் வாத்தியம் வாசித்தால் மறதி வராது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 2003இல் நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை வருஷக்கணக்கில் கவனித்து எழுதிய ஒரு ஆய்வு அதற்கு மூலம். படிப்பது, சீட்டாட்டம் போன்ற விளையாட்டுகள், நடனம், வாத்தியம் வாசிப்பது ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்பது உண்மை. ஆனால் நோய் உள்ளுக்குள் ஆரம்பித்தவர்களே வாசிப்பதை முதலில் கைவிட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை அந்த ஆய்வாளர்களே மறைக்கவில்லை. அத்தை விஷயத்தில் நான் கேட்டுக்கொள்வது வேறு: ஐம்பது வருஷம் விஜயதசமிதோறும் அந்த வீணையைப் பரணில் ஏற்றாமல் இருந்திருந்தால்? நோய் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். மாமியார், நாத்தனார், அடுப்படி என்று போன அந்த வருஷங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது அவர் அவராக இருந்திருப்பார்.

தூக்கத்துக்கு வருகிறேன். படுத்தவுடன் பக்கம் ஓடுகிற இடத்தில் நான் அலங்காரப் பாடங்களை ஓட்ட ஆரம்பித்தேன். ஏழு தாளத்துக்கும் ஏழு. வாய் அசையாமல், விரல் அசையாமல், மனசுக்குள் முதல் காலம். துருவ தாளம் முடிந்து மட்டிய தாளம் வரும்போது பெரும்பாலும் தூங்கிவிடுவேன். ரூபகம் வரைக்கும் போனால் அன்றைக்கு அலுவலகத்தில் ஏதோ பெரிய தகராறு என்று அர்த்தம். மாத்திரையை டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் படிப்படியாகக் குறைத்தேன். வீணை வந்துவிட்டது என்று யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஒரு பக்கவிளைவும் உண்டு. காது கூர்மையாகிவிட்டது. மேசை விசிறியின் ரீங்காரம் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை என்றால் எழுந்துபோய் விசிறியை நிறுத்துகிறேன். சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டு மயிரிழை நகர்ந்தால் வீட்டில் எனக்கு முதலில் தெரிகிறது. கல்யாண மண்டபங்களில் உட்கார முடிவதில்லை.

எல்லாருக்கும் இது நிம்மதி தரும் என்று சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், நல்ல விரல். கிரேடு தேர்வு நெருங்கினால் உள்ளங்கை வியர்த்து விரல் கம்பியில் வழுக்கும். அவன் அம்மாவுக்கு டிஸ்டிங்ஷன் வேண்டும். டீச்சர் அவனைத் தேர்வுப் பாடத்தை விட்டுவிட்டுத் திறந்த கம்பிகளை மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் அடங்குகிறவரை கேட்கச் சொல்வார். வியர்வை நின்றுவிடும். அம்மா வந்து, "என்ன மிஸ், பாடம் நடத்தலையா?" என்று கேட்டதும் திரும்ப ஆரம்பிக்கும். சான்றிதழுக்காக வாசிக்கிற பிள்ளைக்கு வீணையும் இன்னொரு டியூஷன்தான். அவன் பத்தாங்கிளாஸில் நிறுத்திவிட்டான்.

யூடியூப் பார்த்துக் கற்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் குரு இல்லாமலே கற்று உச்சிக்குப் போனவர். 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்த துணிச்சல்காரரும் அவர்தான். அவருக்கு முடிந்தது. நமக்குச் சமையலறையிலிருந்து "எங்க போனீங்க?" என்று கேட்க ஒருவர் வேண்டும். வீடியோ அதைக் கேட்காது.

எனக்கு இப்போது சில கீதங்களும் ஒரு வர்ணமும் தெரியும். மேடை ஏறப்போவதில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் சாதகம் அதே நாலரைக்குத்தான். நீங்கள் வீணையோ வயலினோ மிருதங்கமோ எதில் சேர்வதாக இருந்தாலும், விலை உயர்ந்த வாத்தியத்தை முதலில் வாங்காதீர்கள். வாடகைக்கோ தெரிந்தவரிடமோ ஒன்று கிடைக்கும். ஆசிரியரிடம் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: எத்தனை நாள் முதல் காலத்தில் உட்கார வைப்பீர்கள்? "ஒரே மாசத்துல சினிமாப் பாட்டு வாசிச்சிடலாம்" என்று பதில் வந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.